பத்தொன்பதாம் பிரிவு

பன்னிரண்டு நாடுகள் சேர்ந்து ஒரு கடலைக் காப்பாற்ற ஒன்பது வருடமாக முயன்றுகொண்டிருந்தன. கடல் பொறுமையாகத்தான் இருந்தது. நாடுகளுக்குத்தான் நாற்காலி வரிசை முதல் மேஜை விரிப்பு வரை எல்லாவற்றிலும் மனத்தாங்கல். நடுவில் கிடந்து அல்லாடியவள் செயலகத்தின் செயலாளர். வரைவு எழுதுவது அவள் வேலை. எழுதியதை மற்றவர்கள் குதறும்போது சிரித்த முகத்தோடு குறித்துக்கொள்வதும் அவள் வேலைதான்.

ஒப்பந்தத்தின் உயிர் ஏழாம் பிரிவில் இருந்தது. கடலடியைச் சுரண்டும் பெரிய வலைக்கப்பல் எதுவும் அந்த எல்லைக்குள் நுழையக் கூடாது, அவ்வளவே. அது நிறைவேறினால் திமிங்கிலங்கள் குட்டி போட ஓர் இடம் மிஞ்சும். உடைந்தால் அடுத்த இறுதிக் கூட்டம் ஐந்து வருடம் கழித்துத்தான். அதற்குள் காப்பாற்ற அங்கே ஒன்றும் மிச்சமிருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

இறுதிக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசி நாள் காலை பத்து மணிக்கு வரைவு எல்லா நாடுகளுக்கும் போகும். மாலை நான்கு மணிக்குள் யாரும் வாய் திறக்காவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். சில்லறைத் திருத்தம் என்றால் மற்றவர்கள் தலையாட்டினால் போதும். முக்கியமான பிரிவில் யாராவது கை வைத்தால் எல்லாம் அம்போ. செயலகத்துக்கோ திருத்தம் சொல்லும் உரிமையே கிடையாது.

வாய் திறப்பதற்கென்றே பிறந்த ஒரு பிரதிநிதி அங்கே இருந்தார். எல்லோரும் அவரைத் திருத்தக்காரர் என்றே சொன்னார்கள், அவர் முகத்துக்கு நேரே மட்டும் சொல்வதில்லை. சட்டைப்பையில் எப்போதும் மூன்று பேனா. எந்தக் காகிதத்திலும் ஒரு குறை கண்டுபிடிக்காமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. கண்டுபிடித்துவிட்டாலோ பச்சைப்பிள்ளை; மற்ற பக்கங்களைப் புரட்டக்கூட மாட்டார். ஒன்றும் சிக்காவிட்டால்தான் ஆபத்து. தோண்டித் தோண்டி ஏழாம் பிரிவுக்கு வந்துவிடுவார். முதல் வருடத் தயாரிப்புக் கூட்டத்தை அப்படித்தான் கவிழ்த்தார்.

அன்றிலிருந்து அவள் உஷாராகிவிட்டாள். ஒவ்வொரு வரைவிலும் அவருக்கென்று ஓர் அபத்தத்தை எடுத்து வைப்பாள். ஒரு வருடம் கடற்பறவைகளுக்கு நற்சான்றிதழ் வழங்கச் சொன்னாள். இன்னொரு வருடம் வரைபடத்தில் கடலுக்குப் பழுப்பு நிறம் தீட்டினாள். அவர் பாய்ந்து பிடித்து அடித்துவிட்டு, நிம்மதியாகச் சாப்பிடப் போவார்.

இறுதி வரைவுக்குக் கொஞ்சம் கொழுத்த இரையாக வேண்டியிருந்தது. செயலக ஆட்கள் ஊர் சுற்றுவது என்றால் திருத்தக்காரருக்கு வேப்பங்காய். ஆகவே பத்தொன்பதாம் பிரிவு பிறந்தது: ‘செயலாளர் ஆண்டுதோறும் ஒரு மாதம் ஆய்வுக் கப்பலில் தங்கி, திமிங்கிலங்களைத் தாமே நேரில் எண்ணி அறிக்கை தருவார்.’ எழுதிவிட்டு அவள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். பூங்காக் குளத்து மிதிபடகில் ஏறிய ஐந்தாவது நிமிடத்தில் வாந்தியெடுத்து, கணவரின் புதுச் சட்டையை நாசமாக்கியவள் அவள்.

பத்து மணிக்கு வரைவு போனது. பன்னிரண்டு மணி வரை அவரிடமிருந்து மூச்சுப் பேச்சில்லை. மூன்றரைக்கும் இல்லை. அவள் சிற்றுண்டிச்சாலைக்கு ஓடினாள். மனிதர் சாவகாசமாகக் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

“வரைவைப் பாத்தீங்களா சார்?”

“பாத்தேன்மா. ரெண்டு தரம்.”

“அந்தப் பத்தொன்பதாவது பிரிவு...”

“அருமை. கடலைப் பத்தி எழுதுறவங்க கடலுக்குப் போகணும்னு இத்தனை வருஷத்துல இப்பதான் ஒருத்தருக்குத் தோணியிருக்கு.”

“செயலக ஆளுங்க சுத்துறது உங்களுக்குப் பிடிக்காதேன்னு பாத்தேன்.”

“வேலை பாக்கப் போறது சுத்துறதா?” அவர் ஒரு பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். “குறை இருக்குன்னு நீங்களே சொன்னா, முதல் பிரிவுலேருந்து மறுபடி ஒரு தரம் உக்காந்து பாத்துடுறேன். இன்னும் இருபது நிமிஷம் இருக்கே.”

அவரை அப்படியே தூக்கிக் கடலில் போடலாமா என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. பேனா முனையைப் பார்த்தாள். ஒரு மாதம் முழுக்க ஆடும் கட்டிலை நினைத்தபோது இப்போதே தலை சுற்றியது. ஏழாம் பிரிவையும் நினைத்தாள். ஒன்பது வருடம் அதைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் சுமந்தாயிற்று.

“ஒரு குறையும் இல்லை சார்,” என்றாள்.

“அப்ப சரி,” என்று அவர் பேனாவை மூடிப் பையில் செருகினார்.

நான்கு மணிக்குத் தலைவர் மேஜையைத் தட்டினார். வாய் திறக்க ஆளில்லை. நிறைவேறியது. நாற்காலிக்காகச் சண்டை போட்டவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அவளுக்கு அழுகை பொங்கியது, வெட்கப்படாமல் அழுதாள்.

திருத்தக்காரர் கைக்குட்டையோடு வந்தார்.

“பறவைக்கு நற்சான்றிதழ், பழுப்புக் கடல்... வேணும்னே வச்சதுன்னு எனக்குத் தெரியாதாம்மா? எனக்கும் வசதியா இருந்துச்சு. ஊருக்குப் போய் ஒண்ணைத் திருத்திட்டு வந்தேன்னு சொல்லிக்கலாம்.”

“அப்ப இந்தத் தடவை மட்டும் ஏன் சார் விட்டீங்க?”

“அடுத்த மாசம் ஓய்வு பெறுறேன். ஒரு தடவையாவது திருத்தாம இருந்தா எப்படி இருக்கும்னு பாக்க ஆசை.” கொஞ்சம் யோசித்தார். “நல்லாத்தான் இருக்கு.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளித் தாழ்வாரத்துக்கு வந்து கணவரைக் கூப்பிட்டாள்.

“என்னங்க, நிறைவேறிடுச்சு.”

“அப்பாடா. வீட்டுக்கு ஏதாவது வாங்கி வைக்கவா?”

“எலுமிச்சம்பழம்.”

“எத்தனை?”

தன் ஓய்வுக்கு இன்னும் எத்தனை வருடம் என்று அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

“பழம் வேண்டாம், செடியாவே வாங்கி நட்டுடுங்க. பதினோரு வருஷத்துக்கு வேணும்.”