முப்பத்தேழு சென்டிமீட்டர்

கடல்மட்டத்தைக் கணக்கிடும் அந்தக் கோப்பை இதுவரை யார் யார் திருத்தியிருக்கிறார்கள் என்று மெரேயோனி கணினியிடம் கேட்டாள். ஒரே ஒரு வரி வந்து நின்றது. அவளுடைய பெயர், இன்றைய தேதி, ‘புதிய அடைவுக்கு மாற்றம்’.

பக்கத்து மேசையில் மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்த சாகியுசா எட்டிப் பார்த்தான். “பதினோரு வருஷ வேலைய ஒரே காலையில முடிச்சிட்டியேக்கா! நம்ம சுவா கடற்கரையில உனக்குச் சிலையே வைக்கலாம்.”

அவள் சிரிக்கவில்லை. அலுவலகத்தின் நிரல்கள் அளவீடு, வரைபடம், அபாயச் சங்கு என்று மூன்று கிட் களஞ்சியங்களில், ஒவ்வொரு திருத்தத்தின் வரலாற்றோடும் கிடந்தன. பழைய சர்வரை நண்பகலில் அணைத்துவிடுவார்கள், அதற்குள் மூன்றையும் ஒன்றாக்க வேண்டும். அவள் முதலில் இணைத்துவிட்டுப் பிறகு கோப்புகளைத் தனித்தனி அடைவுகளுக்குள் நகர்த்தியிருந்தாள். நகர்த்திய இடத்தில், முன்பு யார் எதைத் திருத்தினார்கள் என்ற தடம் அறுந்துவிட்டது.

“இதென்ன, வைதோகா துறைக்கு மட்டும் முப்பத்தேழக் கழிக்கிறோம்?” என்றான் சாகியுசா. வைதோகா அவளுடைய ஊர். அவளுக்கும் தெரியவில்லை. பழைய களஞ்சியத்தைத் திறந்தாள். ஒன்பது வருடங்களுக்கு முன், அப்போது இங்கே வேலை பார்த்த தெவிதா எழுதிய குறிப்பு அங்கே இருந்தது: ‘புயலில் துறைமேடை அமிழ்ந்தது. அளவுமானியும் கூடவே இறங்கிவிட்டது. மூன்று முறை கோல் வைத்து அளந்தேன். 37 செ.மீ. இதை எடுத்தால் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் சங்கு ஊதும்.’

நான்கு முறை வீணாக ஊதினால் ஐந்தாம் முறை யார் மேட்டுக்கு ஓடுவார்கள்?

மேலாளர் ராஜ்னேஷ் நின்றபடியே படித்தார். “சரி, அந்த ஒண்ண மட்டும் கோப்புலயே எழுதி வெச்சிரு. மிச்சத்த அப்படியே விடு. மணி ஒன்பதரை ஆச்சும்மா.”

“இது கேக்கத் தோணுச்சு பாஸ். கேக்கத் தோணாதது எத்தன இருக்கோ?”

“பன்னெண்டுக்கு மேல ஒரு நிமிஷம் கிடைக்காது.”

“வேணாம்.”

இணைத்ததை முழுவதுமாக அழித்தாள். மூன்று களஞ்சியங்களுக்கும் புதிதாக நகல் எடுத்தாள். ஒவ்வொன்றின் வரலாற்றையும் முதல் நாளிலிருந்தே திருத்தி எழுதவைத்தாள், அந்தக் கோப்புகள் பிறந்ததே அந்த அடைவுக்குள்தான் என்பதுபோல. அதற்குப் பிறகுதான் இணைத்தாள். வரைபடங்கள் மட்டும் ஒரு மணி நேரத்தை விழுங்கின. வெளியே மழை தகரத்தில் இரைந்தது. சாகியுசா அவள் பக்கம் ஒரு கிழங்குத் துண்டை நகர்த்தி வைத்தான், அது ஆறிப்போனது.

பதினொன்று ஐம்பதுக்கு அதே கேள்வியை மறுபடி கேட்டாள். பெயர்கள் மேலிருந்து கீழே ஓடின. ஆக்லாந்துக்குப் போய்விட்டவர்கள், ஓய்வு பெற்றவர்கள், எழுத்துப்பிழையோடு மன்னிப்புக் கேட்டவர்கள். நடுவில் தெவிதா.

“வந்துட்டாங்கய்யா எல்லாரும்!” என்றான் சாகியுசா.

ராஜ்னேஷ் குனிந்து பார்த்தார். “இதுக்கப்புறம் அந்த மேடைய யாரும் அளக்கலையா?”

மெரேயோனி முப்பத்தேழு இருந்த வரியின் வரலாற்றை மட்டும் தேடினாள். தெவிதாவுக்குப் பிறகு ஒருவர்கூட அதைத் தொட்டிருக்கவில்லை. ஒன்பது வருடம், அதற்குள் எத்தனையோ புயல்.

“வைதோகாவுக்குப் போற புதன்கிழமைக் கப்பல்ல எனக்கு ஒரு இடம் சொல்லிருங்க பாஸ்.”

பண்டக அறையில், துடைப்பங்களுக்குப் பின்னால், அளவுகோல் சாய்ந்து நின்றது. அவள் அதை வெளியே எடுத்தாள். அடிப்பாகத்தில் பழைய உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது, ஏறக்குறைய அவள் முழங்கால் உயரம் வரை.