மாமனார் அறுத்துப் பார்க்கும் ஃபில்டர்

சிவபிரகாஷ் பைக்குக்கு ஸ்டீல் ஆயில் ஃபில்டர் வாங்கியதற்குச் சிக்கனம் காரணமில்லை. சிக்கனம் என்பது மாமனாரிடம் சொல்வதற்காக வைத்திருந்த காரணம்.

மாமனார் குழந்தைவேல் முப்பது வருடம் ரிக் லாரியோடு ஊர் ஊராகப் போய் போர்வெல் போட்டவர். முழங்கால் தேய்ந்த பிறகு ரிக்கை விற்றுவிட்டுத் திருச்செங்கோட்டில் உட்கார்ந்திருக்கிறார். எஞ்சினிலிருந்து கழற்றிய பேப்பர் ஃபில்டரை அவர் தூக்கிப் போடமாட்டார். ஹாக்சா பிளேடால் அதன் தகர மூடிகளை அறுத்தெடுத்து, உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தைச் செய்தித்தாள் மேல் விரித்து, வெயிலில் சாய்த்துப் பார்ப்பார். வெள்ளையாக மின்னினால் பிஸ்டன் தேய்கிறது. மஞ்சளாக மின்னினால் புஷ். கறுப்பாக நார் நாராக இருந்தால் கிளட்ச் பிளேட். வண்டி எங்கே போனது, யார் எப்படி ஓட்டினார்கள் எல்லாம் அதில் இருக்கும் என்பார். ராய்ப்பூர் பக்கம் ஒரு டிரைவரை அந்தக் காகிதத்தைப் பார்த்தே வேலையைவிட்டு நிறுத்தினார். டிரைவர் குலசாமி மேல் சத்தியம் செய்தான். இவர் காகிதத்தை அவன் மடியில் போட்டார்.

கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த 350 சிசி வண்டிக்கும் அதே முறைதான். ஆயில் மாற்றுவது அவர் கை. மாற்றி முடித்ததும் ஃபில்டர் மூடியின் போல்ட்டுகள் மேல் மஞ்சள் பெயிண்டில் ஒரு பொட்டு வைப்பார். வேறு யாராவது திறந்தால் பெயிண்ட் விரிசல் விடும். ரிக் டிரைவர்களுக்காகச் செய்த ஏற்பாடு, மாப்பிள்ளைக்கும் மரியாதையோடு தொடர்ந்தது.

சிவபிரகாஷ் புதுச்சத்திரம் பக்கத்து நூல் மில்லை விட்டு நான்கு மாதமாகிறது. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. நாலரை வருடம் விடிய விடிய முழு நைட் ஷிஃப்ட் பார்த்தவன், ஒருநாள் மிஷினுக்கு முன்னால் நின்றபடியே தூங்கிப்போனான். விரல் போக இருந்தது. அன்றைக்கு டீ குடிக்க வெளியே வந்தவன் திரும்ப உள்ளே போகவில்லை. பெரிய தீர்மானம் என்று எதுவும் இல்லை. டீ தீர்ந்தது, வண்டி பக்கத்தில் நின்றது, அவ்வளவுதான்.

அப்போதிருந்து சேலத்தில் பைக் டாக்ஸி ஓட்டுகிறான். மனைவி தீபிகாவிடம் நடுராத்திரியில் முடியும் அரை நைட்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று சொல்லி, தினமும் மதியத்துக்கு மேல் மில் சட்டையும் டிபன் பாக்ஸுமாக ராசிபுரத்து வீட்டிலிருந்து கிளம்புவான். பைபாஸில் தெற்கே போனால் மில். இவன் வடக்கே திரும்புவான். சேலம் செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில், மூட்டை இறக்கும் வண்டிகளுக்கும் டவுன் பஸ்ஸுக்கும் நடுவே அரைக் கிளட்ச்சில் ஊர்ந்துகொண்டிருப்பான். மீட்டர் காட்டிக்கொடுக்காமல் இருக்க அதன் கேபிளைக் கழற்றிவிட்டு, அறுந்துபோனது என்று சொல்லிவைத்திருந்தான்.

மீதி இருந்தது ஃபில்டர்தான். ஸ்டீல் ஃபில்டர் மெல்லிய கம்பி வலை. பெட்ரோலில் கழுவித் திரும்ப மாட்டிவிடலாம். கழுவிவிட்டால் அறுக்கவும் ஒன்றுமில்லை, படிக்கவும் ஒன்றுமில்லை. வாங்கிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை திருச்செங்கோட்டில், குழந்தைவேல் முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஸ்டீல் ஃபில்டரைக் கையில் வாங்கினார். வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். வேலை சுத்தமாக இருக்கிறது என்றார். விலையைக் கேட்டார். பதினைந்து பேப்பர் ஃபில்டருக்குச் சமம்.

"ஏனுங்க மாப்பள, மில்லு உங்க ஊட்டுக்கு எத்தன தூரமுங்க?"

"பன்னண்டு கிலோமீட்டர் இருக்குமுங்க மாமா."

மாமனார் உதடு அசையக் கணக்குப் போட்டார். போக வர இருபத்தைந்து. வருடத்துக்கு மிஞ்சினால் இரண்டு தடவை ஆயில் மாற்றலாம். அப்படியானால் ஸ்டீலுக்குப் போட்ட அசல் திரும்ப ஏழெட்டு வருடம் ஆகும். அது வரைக்கும் வண்டி இருக்குமா, நான்தான் இருப்பேனா என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு சிவபிரகாஷ் பதில் தயாரித்து வந்திருந்தான். குப்பை சேராது, சுற்றுச்சூழலுக்கு நல்லது என்றான். குழந்தைவேலிடம் சுற்றுச்சூழலைப் பற்றி இதுவரை யாரும் பேசியதில்லை. அவர் மரியாதைக்காகச் சற்று நேரம் யோசித்தார். அவன் விடாமல், முழங்கால் வலியோடு நீங்கள் ஏன் சிரமப்பட வேண்டும், இனிமேல் கழுவுவதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றான். அதுவும் சரிதான் என்று அவர் ஸ்பேனரை எடுத்தார்.

மஞ்சள் பொட்டு உடைந்து போல்ட் சுழன்றபோதுதான் அவனுக்கு உறைத்தது. உள்ளே போகப்போகும் ஃபில்டருக்காக நான்கு மாதம் பதில் தயாரித்திருந்தான். வெளியே வரப்போகும் ஃபில்டரை மறந்துவிட்டான்.

"பழசக் குடுங்க மாமா, நான் போட்டுட்டு வாரேன்."

"எங்கீங்க போடறது?" என்று குழந்தைவேல் ஹாக்சா பிளேடைத் தேடினார்.

அறுத்தார். விரித்தார். காகிதம் முழுக்கக் கறுப்பு நார், பன்றி முடிபோல. அவர் விரலால் ஒரு நாரை எடுத்து நகத்தில் தேய்த்துப் பார்த்தார். சமையலறையில் தீபிகாவும் அவள் தங்கை சரிதாவும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இது மில்லுக்குப் போன வண்டி இல்லீங்க மாப்பள. டவுனுக்குள்ள அரக் கிளட்ச்சுல கெடந்த வண்டி. எத்தன மாசமுங்க?"

"நாலுங்க மாமா."

"ஒரு நாளைக்கு?"

"நூறு கிலோமீட்டர் வருமுங்க."

ராய்ப்பூர் டிரைவரின் மடி சிவபிரகாஷுக்கு ஞாபகம் வந்தது. குழந்தைவேல் எண்ணெய்ச் சட்டியில் விரலைத் தோய்த்து முகர்ந்து பார்த்தார்.

"வேலைய உட்டதக்கூடப் பொறுத்துக்கலாமுங்க. பன்னண்டாயிரம் கிலோமீட்டரு ஆயில் மாத்தாம ஓட்டியிருக்கறீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்குதுங்களா?"

திட்டு அதோடு முடிந்தது. பிறகு அவர் சொன்னதுதான் அவன் எதிர்பாராதது. சரிதாவுக்குச் சங்ககிரியில் ஒரு இடம் கூடி வந்திருக்கிறது. பெரிய மாப்பிள்ளை மில்லில் சூப்பர்வைசர் என்று அவர்களிடம் சொல்லியாகிவிட்டது.

"சூப்பர்வைசருங்களா?"

"ஆமாங்க. தையில முகூர்த்தம் முடியற வரைக்கும் நீங்க மில்லுக்குத்தான் போறீங்க. தீபிகாகிட்டயும் மூச்சு உடாதீங்க, அவ வாயில எதும் நிக்காது."

நாலரை வருடம் நின்று பார்த்தும் கிடைக்காத பதவி, விட்டுவந்த நான்காவது மாதத்தில் கிடைத்தது.

குழந்தைவேல் தான் வாங்கி வைத்திருந்த புது பேப்பர் ஃபில்டர் டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு ஸ்டீலை எடுத்து மாட்டினார். ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர் என்றால் கணக்கே வேறு, ஒன்றரை வருடத்தில் அசல் வந்துவிடும் என்றார். நீங்கள் ஓட்டும் ஓட்டத்துக்கு ஸ்டீல்தான் சரி என்றும் சொன்னார். மூடியை முடுக்கினார். பெயிண்ட் பொட்டு வைக்கவில்லை. அறுத்த காகிதத்தைச் சுருட்டி வெந்நீர் அடுப்பில் போட்டார். எண்ணெய் குடித்த காகிதம் நன்றாக எரிந்தது.

தீபிகா நாலு நாள் அங்கேயே இருந்துவிட்டு வருவதாக ஏற்பாடு. மூன்று மணிக்கு சிவபிரகாஷ் மில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். அவள் வாசல் வரை வந்து டிபன் பாக்ஸைப் பையில் வைத்தாள். தோளில் இல்லாத பஞ்சைத் தட்டிவிட்டாள்.

"செவ்வாப்பேட்டையில ரோட்டத் தோண்டிப் போட்டிருக்கறாங்களாம். சுத்திப் போங்க."

அவன் கை ஸ்டார்ட்டர் மேலேயே நின்றுவிட்டது. அவள் முற்றத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"நாலு மாசமா சட்டையில ஒரு பஞ்சு இல்ல. அப்பாவுக்குத் தெரிஞ்சுரப் போவுது, இங்க வாரப்ப கொஞ்சம் ஒட்டிக்கிட்டு வாங்க."