தார்ன்கேட் மன்றம் மூடிய வெள்ளிக்கிழமை

எட்டரைக்கு வரவேண்டிய பதிவு பத்து மணியாகியும் வரவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில், கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களின் மேல் கைபேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு கிளெனிஸ் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் ஈரக்கையை ஏப்ரனில் துடைத்துவிட்டுத் திரையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். யார் யாரோ எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் எழுதவில்லை.

தார்ன்கேட் கேளிக்கைப் பூங்காவின் ரசிகர்கள் கூடும் இணைய மன்றத்தில், பத்தொன்பது வருடமாக 'கடைசி வரிசை' என்ற பெயரில் ஒருவர் தினமும் காலை எட்டரைக்குப் பூங்காவின் நிலவரத்தை எழுதுவார். வானம் எப்படி, காற்று எந்தப் பக்கம், செங்கழுகு என்ற பழைய மர ரோலர் கோஸ்டரைச் சோதனைக்கு ஓட்டினார்களா, எத்தனை பெட்டி. குளிர்காலத்தில் பூங்கா பூட்டிக்கிடக்கும்போதுகூட, ஏணி போட்டுத் தூணுக்கு வர்ணம் அடிக்கிறார்கள், பச்சை, போன வருடத்துப் பச்சை இல்லை என்று ஏதாவது ஒன்று வரும். நான்கு வரிக்கு மேல் போகாது. கிறிஸ்துமஸ் அன்றும் வந்தது. ராணியின் சவ அடக்கத்தன்றும் வந்தது. பூங்கா பக்கத்திலேயே குடியிருந்து தினமும் போய்வரும் கொடுத்துவைத்த மனிதர் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. கேட்கும் வழக்கமும் மன்றத்தில் இல்லை.

மன்றம் தொடங்கி இருபத்து மூன்று வருடம். கிளெனிஸும் ரோலண்டும் சேர்ந்து தொடங்கியது. ரோலண்ட் அவளுடைய கணவன் அல்ல, காதலனும் அல்ல. செங்கழுகுக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம் வரிசையில் நின்றபோது பின்னால் நின்ற மனிதன், அவ்வளவுதான். கணினி சம்பந்தமான எல்லாம் அவன் கை. சண்டை விலக்குவது, புதிதாக வருகிறவர்களை வரவேற்பது, பிறந்தநாள் நினைவு வைப்பது அவள் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் ரோலண்ட் புற்றுநோயில் போய்ச்சேர்ந்தான். அதன்பிறகு எது பழுதானாலும் அவளுக்குக் கைகால் ஓடவில்லை. போதாததற்குப் புதுச்சட்டம் வந்தது. மன்றத்தில் யார் எதை எழுதினாலும் நடத்துகிறவர் பொறுப்பு, இத்தனை பக்க ஆவணம் எழுதிவைக்க வேண்டும் என்றது. மன்றத்தைத் தாங்கிய பழைய கணினிகளை வைத்திருந்த நிறுவனமும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு அவற்றை நிறுத்துவதாகச் சொன்னது. வேறு இடத்துக்கு மாற்ற அவளுக்குத் தெரியவில்லை. யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. களைத்துப்போயிருந்தாள். திங்கட்கிழமை மதியம் ஒரு பிஸ்கட்டைத் தின்றுகொண்டே மன்றத்தை மூடும் அறிவிப்பை எழுதிப் போட்டுவிட்டாள்.

நாற்பது பேருக்கு மேல் விடைபெற்று எழுதியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் கீழே அவள் இதயக் குறியை அழுத்திக்கொண்டே வந்தாள். வியாழக்கிழமை கடைசி வரிசை எழுதியதற்கும் அழுத்தினாள். இப்போது அதைத் தேடி எடுத்துப் படித்தாள்.

"மேகம் தாழ்வாக இருக்கிறது. செங்கழுகு இரண்டு முறை காலியாக ஓடியது. மன்றம் நாளையோடு என்றால் நானும் நாளையோடு. இத்தனை வருஷம் இடம் கொடுத்ததற்கு நன்றி."

அதன் கீழே சின்னதாய்ச் சிவப்பு இதயம். பக்கத்தில் அவள் பெயர்.

கத்தியைக் கீழே வைத்தாள். மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

"என்னாச்சு கிளெனிஸ்? மூஞ்சி வெளுத்துப்போச்சே," என்றாள் சமையல் மேற்பார்வைக்காரி.

"ஒருத்தர் சாகப்போறார்னு நினைக்கறேன். இல்ல, செத்துட்டாரோ என்னவோ."

"ஐயோ, யாரு?"

கிளெனிஸ் கைபேசியை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள்.

காவல்துறையில் தொலைபேசியை எடுத்த பெண் பொறுமையாகத்தான் பேசினாள். முழுப்பெயர்? தெரியாது. வயது? அறுபதுக்கு மேல் இருக்கலாம். முகவரி? தெரியாது. "எத்தனை நாளாப் பழக்கம் உங்களுக்கு?" "பத்தொன்பது வருஷம்." மன்றத்தில் அவர் பதிவுசெய்திருந்த மின்னஞ்சல் முகவரி மட்டும் கிளெனிஸிடம் இருந்தது. அந்தப் பெண் அதைக் குறித்துக்கொண்டு, அதை வைத்து ஆளைத் தேட நேரம் பிடிக்கும், வேறு ஏதாவது கிடைத்தால் உடனே கூப்பிடுங்கள் என்றாள்.

கிளெனிஸ் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் பின்வாசல் படியில் உட்கார்ந்து மன்றத்தில் எழுதினாள்: "கடைசி வரிசை எங்கே இருக்கிறார் என்று யாருக்காவது தெரியுமா? வேடிக்கைக்குக் கேட்கவில்லை. அவர் நேற்று எழுதியதைப் படியுங்கள். தயவுசெய்து."

இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். அவள் அறிவிப்பைத் திட்டி எழுதிவிட்டுப் போனவர்கள் வந்தார்கள். பத்து வருடமாகத் தலைகாட்டாதவர்களும் வந்தார்கள். ஒருவர் 2006ஐப் படிக்கிறேன் என்றார், இன்னொருவர் 2007 என்றார். ஆளுக்கு ஒரு வருடமாகப் பங்கு போட்டுக்கொண்டு அந்த மனிதரின் ஆறாயிரத்துச் சொச்சம் பதிவுகளையும் வரி வரியாகப் படிக்கத் தொடங்கினார்கள். அவருக்கு நாய் இருந்தது, 2012இல் செத்தது. மனைவியை ஒரே ஒரு முறை 'அவள்' என்று எழுதியிருந்தார். முதுகெலும்பில் அடி. ஞாயிற்றுக்கிழமை தேவாலய மணி கேட்கும்.

கிளெனிஸ் கணினி நிறுவனத்தைக் கூப்பிட்டாள்.

"ஒரு வாரம் குடுங்க. வேண்டாம், ரெண்டு நாள் போதும். ஒரு உசுரு போற விஷயம்."

"மேடம், எனக்குப் புரியுது. ஆனா என் கையில எதுவும் இல்ல," என்றான் பேசியவன். இளங்குரல். "மெஷினெல்லாம் வித்தாச்சு. அஞ்சு மணிக்கு லாரி வருது. நான் இங்க பெரிய ஆளெல்லாம் இல்ல மேடம், எனக்கும் இன்னைக்குத்தான் கடைசி நாள்."

பதினொன்றே முக்காலுக்கு 'பஞ்சுமிட்டாய்' எழுதினாள். ஸ்காட்லாந்தில் எங்கோ இருக்கிறவள். 2011 கிறிஸ்துமஸுக்கு ஆளுக்கு ஆள் பரிசு மாற்றிக்கொண்டபோது கடைசி வரிசைக்கு அவள்தான் கம்பளிக் கையுறை அனுப்பியிருந்தாள். வீட்டு எண் மறந்துவிட்டது. தெரு மட்டும் பின்ஃபோல்ட் சந்து என்று நினைவிருந்தது, அவள் அம்மா பிறந்த தெருவுக்கும் அதே பெயர் என்பதால். 2016ஐப் படித்துக்கொண்டிருந்தவர் உடனே ஒன்றை எடுத்துப் போட்டார்: 'தபால்பெட்டிக்கு வர்ணம் அடிக்கிறேன் என்று என் கேட்டையும் சிவப்பாக்கிவிட்டுப் போய்விட்டான்.' யாரோ இணைய வரைபடத்தில், பூங்காவுக்குப் பக்கத்து ஊரில் இருந்த அந்தத் தெருவின் படத்தைத் திறந்தார்கள். முப்பத்தொன்றாம் எண் வீட்டு வாசலில் தபால்பெட்டி.

கிளெனிஸ் அவசர எண்ணை அழுத்தினாள். முகவரி சொன்னாள். பிறகுதான் வாய்விட்டு அழுதாள்.

"நீங்க ஸ்டோக் ஊர்லதானே இருக்கீங்க? நான் டாக்ஸி ஓட்டறேன், இருபது நிமிஷத்துல வரேன்," என்று 'மஞ்சள் ரயில்' எழுதினான். அவன் பெயர் இம்தியாஸ் என்று காரில் ஏறியபோதுதான் தெரிந்தது. முப்பத்து நான்கு வயது, நெட்டையான ஆள், முன்பக்கம் வழுக்கை. பதினைந்து வயதில் மன்றத்தில் சேர்ந்தவன். அவன் தேர்வில் தோற்றதும், நிக்காஹ் நடந்ததும், மகள் குறைமாதத்தில் பிறந்ததும் அவளுக்குத் தெரியும். முகம்தான் தெரியாது.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல எங்களை?" என்றான், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மூடறதுக்கு முன்னாடி."

"கேட்டிருக்கலாம்."

"நான் பார்த்துக்கறேன்னு பத்துப் பேராவது வந்திருப்போம்."

"தெரியும் இம்தியாஸ். இப்பத் தெரியுது."

அவன் வேகத்தைக் கூட்டினான்.

அவர்கள் பின்ஃபோல்ட் சந்துக்குப் போனபோது ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டிருந்தது. கதவின் பூட்டை உடைத்திருந்தார்கள்; ஒரு போலீஸ்காரர் வாசலில் நின்று எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அம்மாள், எழுபது வயதிருக்கும், அறைச் செருப்போடு மழைத்தூறலில் நின்றாள்.

"உசுரு இருக்கா?" என்றாள் கிளெனிஸ்.

"இருக்குன்னுதான் சொன்னாங்க கண்ணு. மூச்சு இருந்துச்சாம். நீ யாரு, சொந்தமா?"

"இல்ல. ஃபிரண்டு."

"எட்வினுக்கா? அவனுக்கு ஏது ஃபிரண்டு! ஒரு ஈ காக்கா வந்து நான் பார்த்ததில்லையே."

எட்வின் டனிகிளிஃப். அந்த அம்மாள் சொல்லித்தான் பெயர் தெரிந்தது. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவர். மனைவி போய் இருபது வருடம். தெருமுனைக் கடையைத் தாண்டிப் போய் யாரும் பார்த்ததில்லை.

"தினமும் பூங்காவுக்குப் போவாரே," என்றான் இம்தியாஸ்.

"பூங்காவுக்கா? நல்லாச் சொன்னே போ. படி இறங்கவே கால் மணி நேரம் ஆகும் அவனுக்கு. மாடி ஜன்னல்ல பைனாகுலரை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். எங்க வீட்டுக்காரர் உசுரோட இருந்தப்ப, எவளைடா பார்க்கறேன்னு கத்தினாரு. இல்லீங்க, ரயிலைப் பார்க்கறேன்னான்."

இம்தியாஸ் திரும்பிப் பார்த்தான். கூரைகளுக்கு மேலே, ஒன்றரை மைல் தொலைவில், செங்கழுகின் மரச்சாரம் நரைத்த எலும்புக்கூடு மாதிரி நின்றது. ஒரு ரயில் மெல்ல மேலே ஊர்ந்து, உச்சியில் நின்று, மறைந்தது. அதில் ஏறியவர்களின் கத்தல் இவ்வளவு தூரம் கேட்கவில்லை.

மருத்துவமனையில் அவரைப் பார்க்க விடவில்லை. மூன்றே காலுக்கு ஒரு பெண் மருத்துவர் வெளியே வந்தார். தூங்காத கண்.

"மிஸ்டர் டனிகிளிஃபோட சொந்தக்காரங்க?"

"யாரும் இல்ல. நாங்கதான்," என்றாள் கிளெனிஸ்.

"அவரே பண்ணிக்கிட்டதுதான். எப்போன்னு தெரிஞ்சா எங்களுக்கு உதவியா இருக்கும். கடைசியா அவர் நல்லா இருந்ததை யார் பார்த்தது, எத்தனை மணிக்கு? பக்கத்து வீட்டம்மா புதன்கிழமைங்கறாங்க."

பார்த்தவர் எவருமில்லை. கிளெனிஸ் கைபேசியை எடுத்தாள். மன்றத்தை நடத்துகிறவருக்கு மட்டும் திறக்கும் பக்கம் ஒன்று உண்டு. யார் எப்போது உள்ளே வந்தார்கள், எதைப் படித்தார்கள் என்று அதில் இருக்கும். ரோலண்ட் போனபிறகு அதை அவள் திறந்ததே இல்லை. கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்தாள். மூன்றாம் முறை திறந்தது.

"இன்னைக்கு விடிகாலை அஞ்சு அம்பத்திரண்டு," என்றாள். "அதுவரைக்கும் படிச்சுக்கிட்டிருந்திருக்கார். ராத்திரி பூரா."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

மருத்துவர் முகத்தில் ஏதோ மாறியது. அந்த நேரத்தைப் புறங்கையில் எழுதிக்கொண்டு உள்ளே ஓடினார்.

இம்தியாஸ் அவள் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் கடைசியாகத் திறந்த பக்கமும் அதில் இருந்தது. 2006. புதிய உறுப்பினர்கள் தங்களை அறிமுகம் செய்துகொள்ளும் இடம். 'வணக்கம். எனக்கு அதிகம் பேச வராது. இங்கே ஓர் ஓரமாக உட்கார்ந்துகொள்ளலாமா?' என்று அவர் கேட்டிருந்தார். கீழே கிளெனிஸ் எழுதியிருந்தாள்: 'தாராளமாக. ஓரமெல்லாம் வேண்டாம், இங்கே எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள்.' எழுதிய நினைவே அவளுக்கு இல்லை. அந்த வருடம் யார் வந்தாலும் அப்படித்தான் ஏதாவது எழுதிக்கொண்டிருந்தாள்.

"பார்க்காதீங்க," என்று சொல்லி இம்தியாஸ் கைபேசியை மெதுவாக அவள் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்தான்.

நாலே முக்காலுக்கு மருத்துவர் மறுபடி வந்தார். இன்னும் கண் விழிக்கவில்லை, இன்று ராத்திரியும் நாளையும் தாண்டவேண்டும், அதற்குமேல் இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்றார். நேரம் தெரிந்தது நல்லதாயிற்று என்றார். விழித்தாலும் யாரையும் பார்க்க விரும்புவாரா என்று அவரைத்தான் கேட்கவேண்டும் என்றும் சொன்னார். கிளெனிஸ் தலையாட்டினாள். அந்தக் கேள்வியை நினைத்துப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. எந்த முகத்தோடு போய் நிற்பது?

மன்றத்தில் முந்நூற்றுப் பத்துப் பேர் காத்திருந்தார்கள். நல்ல நாளிலேயே முப்பதைத் தாண்டாத இடம். ஏதாவது தெரிந்ததா, ஏதாவது தெரிந்ததா என்று பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. கிளெனிஸ் எழுதினாள்: "உயிரோடு இருக்கிறார். மோசமாக இருக்கிறார். அவர் பெயர் எட்வின்." பெயரைச் சொல்ல அவரிடம் அனுமதி கேட்கவில்லையே என்று அந்த வரியை அழித்தாள். மணி நான்கு ஐம்பத்தாறு. மன்றத்தில் யாரும் தொலைபேசி எண் கொடுக்கக்கூடாது. ரோலண்ட் எழுதிய முதல் விதி அது, மீறியவர்களை அவளே வெளியேற்றியிருக்கிறாள். "இனி சேதி சொல்ல இந்த இடம் இருக்காது. கூப்பிடுங்கள்," என்று எழுதித் தன் எண்ணைப் பதினொரு இலக்கமும் தப்பில்லாமல் அடித்து அனுப்பினாள். போய்ச்சேர்ந்தது. கீழே இரண்டு பேர் பதில் எழுதத் தொடங்கியதாகக் காட்டியது. அவர்கள் என்ன எழுத வந்தார்கள் என்று தெரியவில்லை. பக்கம் வெள்ளையாகிவிட்டது. அவள் கீழே இழுத்தாள். மறுபடி இழுத்தாள். வெள்ளைதான்.

இம்தியாஸ் இயந்திரத்திலிருந்து இரண்டு காகிதக் கோப்பையில் தேநீர் வாங்கிவந்து உட்கார்ந்தான். நடைபாதையில் யாரோ கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். யார் அந்த எண்ணைப் பார்த்திருப்பார்கள், நான்கு நிமிடத்தில் எத்தனை பேர் குறித்திருப்பார்கள் என்று கணக்குப் போட அவளுக்குத் தெம்பில்லை.

கைபேசி அதிர்ந்தது. தெரியாத எண்.

"ஹலோ," என்றாள்.

வயதான, கரகரத்த ஒரு பெண்குரல். "கிளெனிஸா? நான்... எப்படிச் சொல்றதுன்னு தெரியல. பஞ்சுமிட்டாய். என் பேரு மொராக். மொராக் இம்ரி. அவர் எப்படிம்மா இருக்கார்?"

அவள் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு அழைப்பு குறுக்கே பீப் அடித்தது. அது ஓய்வதற்குள் இன்னொன்று.

"எண்ணைச் சொல்லச் சொல்லுங்க, ஒண்ணையும் விட்றாதீங்க," என்று இம்தியாஸ் பாக்கெட்டில் துழாவினான். பேனா இருந்தது, காகிதம் இல்லை. மிச்சத் தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கோப்பையின் வெளிப்பக்கத்தில் எழுதத் தொடங்கினான். கிளெனிஸ் ஒவ்வொரு பெயரையும் சத்தமாகத் திருப்பிச் சொன்னாள், அவன் கோப்பையை மெல்லத் திருப்பித் திருப்பி, இடம் பார்த்து, பொடி எழுத்தில் எழுதிக்கொண்டே போனான்.