பத்மாவுக்குப் பெர்லினில் செலவழிப்பவர்

"ஒரு சதமும் செலவழிக்காமல் பெர்லினிலை நாள் முழுக்க நிண்டுபோட்டு வாறீராம். ஆருக்குக் காது குத்துறீர் பத்மா?"

"கண்ணாலை பாக்கிறதுக்கு ஆர் அண்ணி காசு கேக்கினம்?"

"அப்ப உமக்காக வேறை ஆரோ செலவழிக்கினம். அவன் ஆரெண்டு சொல்லும்!"

ஹம் நகரில் நாங்கள் இருக்கும் கட்டடத்துக்கு மெல்லிய சுவர்கள். ஆனாலும் ஒரு சொல்லும் தவறிவிடக்கூடாது என்று, கறிவேப்பிலை கேட்கும் சாக்கில் ஒரு மாடி ஏறிப் போய்க் கதவைத் தட்டினேன். என் வீட்டில் கறிவேப்பிலை இருந்தது. கதவைத் திறந்த கமலநாயகிக்கும் அது தெரியும்.

"வாங்கோ பேர்பெச்சுவா அக்கா, நீங்களே கேளுங்கோ" என்றாள்.

பத்மா அவளுடைய புருஷன் சிறீதரனின் தங்கை. கல்யாணம் கட்டாதவள். முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை. அண்ணன் குடும்பத்தோடு இருந்து, அவர்களின் மகள் தக்சாயினியைத் தூக்கி வளர்த்தவளும் அவள்தான். வேலைக்கென்று எடுத்த மாதப் பயணச்சீட்டில் ஜெர்மனி முழுக்கச் சாதாரண ரயிலில் போகலாம் என்று எப்போது கண்டுபிடித்தாளோ, அன்று தொடங்கியது இந்தப் பெர்லின் பயணம். மாதத்தில் ஒரு புதன்கிழமை விடியுமுன் போவாள், ஊர் அடங்கியபின் வருவாள். கையில் ஒரு பையும் இருக்காது, முகம் மட்டும் கண்காட்சி பார்த்த பிள்ளையின் முகம் போல இருக்கும். சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

அந்த மாதக் கடைசியில் பிராங்பேர்ட்டிலிருந்து தக்சாயினியைப் பெண் பார்க்க வருகிறார்கள். வங்கியில் வேலை செய்யும் பெடியன். "இந்தக் கதை அவையின்ரை காதிலை விழுந்தால் சம்பந்தம் முறிஞ்சிடும். இனிப் பெர்லின் இல்லை, அவ்வளவுதான்" என்றாள் கமலநாயகி. சிறீதரன் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் விளம்பரம் போய்க்கொண்டிருந்தது.

பத்மா தொலைக்காட்சிக்கு முன்னால் வந்து நின்றாள். "எனக்கெண்டு இருக்கிறது அந்த ஒரு நாள்தான். நம்பிக்கை இல்லாட்டி ஆரையேன் என்னோடை அனுப்புங்கோ. ஒருத்தன் இருந்தால் நான் நிப்பாட்டுறன்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். ஊரில் இதற்குத் தகுந்த ஆள் வேறு யார்?

அடுத்த புதன் இருட்டோடு ஏறினோம். மின்டன், பிறவுன்ஸ்வைக், மக்டபேர்க் என்று ரயில் மாறி மாறி என் இடுப்பு கழன்றது. வேகமான ரயில்கள் பக்கத்தால் பறந்தன. பத்மா இடியப்பமும் சம்பலும் கட்டி வந்திருந்தாள். மூன்றாவது பங்கு இருக்கிறதா என்று பொதியைக் கையால் அமுக்கிப் பார்த்தேன். இரண்டு பேருக்குத்தான் இருந்தது.

முதலில் ஒரு பெரிய சங்கீத மண்டபம். புதன் மதியத்தில் அதன் முன்கூடத்தில் இலவசக் கச்சேரி நடக்குமாம். சனம் படியிலும் தரையிலும் குந்தியிருந்தது. நான் கழிவறைக்குப் போய் வந்து பார்த்தால், பத்மா தன் பக்கத்துப் படியில் சால்வையை விரித்து இடம் பிடித்து வைத்திருக்கிறாள், நம் கல்யாண மண்டபங்களில் கைப்பையை வைத்துக் கதிரை பிடிப்பது மாதிரி. ஆகா, வரட்டும் ஆள் என்று ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். வாத்தியங்கள் தொடங்கின. ஒருவரும் வரவில்லை. பத்மாதான் எட்டிப் பார்த்துக் கை காட்டினாள்.

"ஏன் அக்கா நிக்கிறியள்? உங்களுக்குத்தானே இடம் பிடிச்சனான்."

பிறகு, மூடிவிட்ட ஒரு பழைய விமான நிலையம். விமானம் ஓடிய பாதையில் இப்போது சைக்கிளும் பட்டமும் ஓடுகின்றன. கேட்பாரில்லை. ஓடுபாதையின் நடுவில் உட்கார்ந்து இடியப்பம் சாப்பிட்டோம். இப்படி ஒரு இடத்தில் நான் வாழ்நாளில் சாப்பிட்டதில்லை என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு தாடிக்காரனின் பட்டநூலை வாங்கிச் சிறிது நேரம் பிடித்தும் பார்த்தேன். கமலநாயகிக்கு அதைச் சொல்லவில்லை.

கடைசியாகப் பிரீட்ரிக் வீதி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடம். கண்ணீர் மாளிகை என்று பெயர், சுவர் இருந்த காலத்தில் கிழக்கிலிருந்து மேற்குக்குப் போகிறவர்களைச் சோதித்த எல்லைக் கூடமாம். இப்போது அருங்காட்சியகம், உள்ளே போகக் காசில்லை. வாசலில் நின்ற உயரமான வெள்ளைக்காரர் "ஃபிரௌ பத்மா!" என்று முகம் மலர்ந்தார். எனக்கு உயிர் வந்தது. அடுத்த நிமிடமே உடுப்பு மாட்டும் இடத்தில் நின்ற பெண்ணைக் காட்டி, "என் மனைவி" என்று எனக்கு அறிமுகப்படுத்தினார்.

உள்ளே ஒரு ஆள் மட்டும் நிற்கக்கூடிய ஒடுக்கமான கடவுச்சீட்டுக் கூண்டு. பத்மா அதற்குள் போய் நின்றாள்.

"எண்பத்தஞ்சிலை கிழக்குப் பெர்லினிலை இறங்கி, இதுக்காலைதான் அக்கா மேற்குப் பக்கம் வந்தனான். ஆரோ தந்த குளிர்கோட்டு. எல்லாரும் அழுத இடமாம். நான் அழேல்லை. இது என்ன இடமெண்டே எனக்குத் தெரியாது. அடுத்த கிழமை பஸ்ஸிலை ஏத்தி ஹம்முக்கு அனுப்பிப்போட்டாங்கள். வந்து இறங்கின ஊரை நான் பாக்கவே இல்லை. இப்ப ஒவ்வொரு துண்டாப் பாக்கிறன்."

வீடு திரும்பி உள்ளதை உள்ளபடி சொன்னேன். கச்சேரி, இடியப்பம், கூண்டு. ஆள் இல்லை.

கமலநாயகி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்கும் ஏதும் வாங்கித் தந்திட்டானோ அக்கா?"

இத்தனை வருஷத்தில் நான் சொன்ன எதையும் அவள் நம்பாமல் விட்டதில்லை. ஒரு எழுத்துக்கூடக் கூட்டாமல் சொன்ன முதல் கதைக்கு இந்த மரியாதை. பத்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

பெண் பார்க்கும் நாளன்று பத்மாவை என் வீட்டில் ஒளித்து வைத்துவிட்டு, வடை பரிமாற என்னை மேலே கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை யதுசனின் தாய் சுகன்யாதேவி வடையைக் கையில் எடுத்தவுடன் கேட்டா:

"பெர்லினுக்குப் போற மாமி எங்கை?"

கமலநாயகியின் முகத்தில் ரத்தமில்லை. அவள் என்னைப் பார்த்த பார்வை அநியாயம். பிராங்பேர்ட்டில் இருக்கும் என் மச்சாள் ஒருத்தியிடம் மட்டும்தான் நான் சொன்னேன்.

"அவ... இனிப் போகமாட்டா" என்றாள் கமலநாயகி.

"ஐயோ, ஏன்? அந்தக் கூண்டு இன்னும் இருக்காமே! நானும் அதுக்காலை வந்தனான், எண்பத்தாறிலை. பெடியனுக்குச் சொன்னால் பகிடி எண்டு சிரிக்கிறான். என்னை ஒருக்கா கூட்டிக்கொண்டு போவாவோ?"

நான் படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. பத்மாவைக் கையைப் பிடித்து மேலே கொண்டுவந்து நிறுத்தினேன். அதன்பின் பெண்ணை யார் பார்த்தார்கள்? இரண்டு பேரும் கூண்டின் அகலத்தைக் கையால் அளந்து காட்டிக்கொண்டிருந்தார்கள். தக்சாயினியும் யதுசனும் ஜன்னலோரம் நிம்மதியாகப் பேசினார்கள்.

தக்சாயினி கல்யாணம் கட்டி இப்போது பிராங்பேர்ட்டில் இருக்கிறாள். கல்யாணப் படங்கள் அந்த ஓடுபாதையில் எடுத்தவை, பின்னால் பட்டங்கள். சுகன்யாதேவி மாதம் ஒருமுறை பெர்லின் போகிறா. பத்மா பெர்லினிலேயே ஒரு முதியோர் இல்லத்தில் சலவை வேலை எடுத்து, ஒற்றை அறை வீட்டுக்குக் குடிபோய்விட்டாள்.

கமலநாயகி போன மாதம் போய்ப் பார்த்து வந்தாள். குளியலறையில் ஒரேயொரு பல்துலக்கிதான் இருந்ததாம்.

"மற்றதை ஒளிச்சு வைச்சிருக்கிறாள் அக்கா" என்கிறாள்.