ஏழு தண்டவாளங்கள்

1972ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12ஆம் நாள், சனிக்கிழமை. மூடியின்மேல் எட்டு வளைவுத் தண்டவாளங்களைப் படம் போட்டு விற்ற பொம்மை இரயில் பெட்டிக்குள் ஏழுதான் இருந்தன. விற்றவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

தருமபுரிக் கடைவீதியில், தீர்த்தகிரியின் ஃபேன்சி ஸ்டோர் மேசைமேல் அப்துல் கனி பெட்டியைக் கவிழ்த்துத் தண்டவாளங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். பென்னாகரத்தில் தையற்கடை வைத்திருப்பவன் அவன். கடையைத் திறக்காமல், முதல் பேருந்தைப் பிடித்து வந்திருந்தான்.

"வழியில எங்கியாச்சும் வுழுந்திருக்கும் பாய்" என்றார் தீர்த்தகிரி.

"கயிறு போட்டுக் கட்டிக் குடுத்ததே நீங்கதானுங்க. வூட்லதான் அவுத்தேன்."

"அப்ப வூட்லயே தேடிப் பாருங்க."

முந்தின நாள், ஜும்மாத் தொழுகை முடிந்தபின், கனி இதே மேசையின் முன்தான் நின்றிருந்தான். அலமாரியில் மூன்று வகை இரயில்கள் இருந்தன. ஒன்று, கயிறு கட்டி இழுக்கும் தகர வண்டி. அதற்குத் தண்டவாளமே கிடையாது. மற்றொன்று, சாவி முடுக்கினால் ஓடுவது. விலையும் கைக்கு அடக்கம். தீர்த்தகிரி அதை மேசைமேல் ஓட்டியும் காட்டினார். முதன்முதலாக வாங்குகிறவர்களுக்கு அதுதான் ஏற்றது, இலேசில் கெட்டுப்போகாது என்று அவர் சொன்னது உண்மையே. கனி அதைக் கையில் எடுத்துச் சாவியைத் திருகினான். உள்ளே சுருள்வில் இறுக இறுக அவன் கட்டைவிரலே சிவந்தது. தண்ணீர்த் தம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்குகிற தங்கை பரிதாவால் அதைத் திருக இயலாது. ஆகவே, ஏறத்தாழ இருமடங்கு விலையுள்ள பேட்டரி வண்டியைக் கேட்டான். அதைத் திறந்து காட்டும்படி வேண்டினான். ஒட்டிய பெட்டியைப் பிரித்தால் பிறகு ஒருவரும் வாங்கமாட்டார்கள் என்று தீர்த்தகிரி மறுத்துவிட்டார். பொம்மைக்காக வாதாடுவது கனிக்குக் கூச்சமாக இருந்தது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

பரிதாவுக்குப் பன்னிரண்டு வயது. மூட்டுக்காய்ச்சல் வந்து போனபின் அவளுடைய இதயம் கெட்டது. இரண்டு மாதங்களுக்கு முன், கனியும் தாய் ரஹமத் பீவியும் அவளை மொரப்பூரில் இரயிலேற்றி வேலூர் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். அறுவையை உடல் தாங்காது என்று அங்கே சொன்னதை அவர்கள் அவளிடம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் அவள் பேசியது ஒன்றைப் பற்றித்தான். பாதை வளைந்தபோது, தான் உட்கார்ந்திருந்த வண்டியின் இன்ஜினைத் தானே சன்னல்வழியாகப் பார்த்தாளாம். உள்ளே இருந்தால் முன்பகுதி மட்டுமே தெரிகிறது. வெளியே உட்கார்ந்து வண்டி முழுவதும் வளைந்து போவதைப் பார்க்க வேண்டும் என்றாள். வேறு எதையும் அவள் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை மாலை, அவளுடைய பாயருகே கனி தண்டவாளங்களை ஒன்றோடொன்று செருகினான். வட்டம் மூடவில்லை. பெட்டியை உதறினான், காகிதங்களைப் பிரித்துப் பார்த்தான். பிறகு அட்டையை வெட்டி இடைவெளியில் வைத்தான். வண்டி அட்டையின்மேல் ஏறிச் சாய்ந்து, சக்கரங்கள் சுழன்றபடியே கிடந்தது.

பரிதா அட்டையை எடுத்துவிட்டாள். இடைவெளி தன் பக்கம் வருமாறு வட்டத்தைத் திருப்பச் சொன்னாள். தலையணையில் சாய்ந்தபடி, வண்டி வந்ததும் அதைக் கையில் ஏந்தி, அந்தப் பக்கத்துத் தண்டவாளத்தில் மெல்ல வைத்தாள். பெட்டிகள் மூன்றும் இன்ஜினின் பின்னே தொங்கிக்கொண்டு வந்தன.

"மொரப்பூரு வந்திருச்சு. எறங்கறவங்கல்லாம் எறங்குங்க."

"நான் எங்கடி எறங்கறது? டிக்கெட்டே எடுக்கலியே" என்றாள் ரஹமத் பீவி.

"அப்படின்னா ஒளிஞ்சிக்கோம்மா. டிடிஆர் வராரு."

டிடிஆர் கனிதான். அவன் சிரிக்கவில்லை. அளவு குறைந்த துணியை ஏமாந்து வாங்கி வந்தவனைப் போல், அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் கொண்டுபோய் மாற்றி வருவதாகச் சொன்னான்.

"இருக்கட்டும்ணே. கை வெக்க ஒரு எடம் வேணுமில்ல."

விடிந்ததும் அவன் தண்டவாளங்களைக் கழற்றத் தொடங்கினான். அவள் விழித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது, ஆனால் அது வழக்கமாக வாங்குவதுதான். நாளைக்குப் போகலாமே என்றாள். நாளை ஞாயிறு, கடை இருக்காது என்று கனி சொன்னான். இன்ஜினையாவது விட்டுவிட்டுப் போகச் சொன்னாள். முழுப் பெட்டியும் இல்லாவிட்டால் கடைக்காரர் மாற்றித் தரமாட்டார் என்று விளக்கினான். அவன் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. அவள் இன்ஜினைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

கடையில் கனியின் குரல் உயர்ந்தது. தெருவில் போனவர்கள் இருவர் நின்று பார்த்தனர். அதைக் கண்டபின்தான் தீர்த்தகிரி அலமாரியிலிருந்து அதேபோன்ற இன்னொரு பெட்டியை இறக்கிப் பிரித்தார். எண்ணினார். மீண்டும் எண்ணினார். அதிலும் ஏழுதான்.

"மெட்ராசுலருந்தே இப்படித்தான் அனுப்பறானுங்க போலிருக்கு" என்றார் தாழ்ந்த குரலில்.

பிறகு அந்தப் பெட்டியிலிருந்து ஒரு வளைவை எடுத்துக் கனியிடம் நீட்டினார். கனி கடையின் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து எட்டையும் செருகினான். வட்டம் மூடியது. வண்டி நிற்காமல் சுற்றி வந்தது. நேற்று ஏமாந்தவன் இன்று ஏமாறக் கூடாதென்று, இணைப்புகளை மாற்றிச் செருகி மறுபடியும் ஓட்டினான். திருப்பி வைத்து, எதிர்த்திசையிலும் ஓட்டினான். தீர்த்தகிரி மேசையைச் சுற்றி வந்து அவனருகே குந்தினார்.

"நல்லாத்தான் ஓடுது பாய். இன்னொரு வாட்டி வுடுங்க, பாக்கலாம்."

கனி விட்டான். ஒன்பதரை மணிப் பேருந்து கடைவீதியைக் கடந்து போகும் ஒலி கேட்டது. அடுத்ததில் போகலாம் என்று நினைத்தான்.

அவன் எழுந்தபோது, தீர்த்தகிரி மற்றப் பெட்டியில் எஞ்சிய ஆறு தண்டவாளங்களையும் அடுக்கி, மூடியின் விளிம்பில் பசை தடவி ஒட்டி, அலமாரியில் இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டிருந்தார். கனி அதைப் பார்த்தான். அவனுக்கு வேண்டியது கையில் இருந்தது. படியிறங்கிப் போனான்.

அடுத்த பேருந்து பாதி வழியில் இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காக நின்றது. பென்னாகரம் வந்து சேர்ந்தபோது உச்சி திரும்பியிருந்தது. தையற்கடைக்கு எதிரில் டீக்கடை வைத்திருக்கும் நண்பன் மாது, கரண்டியைப் போட்டுவிட்டு வந்து பேருந்தின் படியருகே நின்றான். கனி இறங்குவதற்குமுன் அவன் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டான்.

"இது என்கிட்ட இருக்கட்டும். நீ வூட்டுக்குப் போ."

"ஏன் மாது?"

மாது பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். கனி வீட்டை நோக்கித் திரும்பினான். ஓடவில்லை. வேகமாக நடந்தான்.

வாசலில் செருப்புகள் நிறைந்திருந்தன. உள்ளே பெண்கள் விலகி வழிவிட்டனர். பாய் மூலையில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. பரிதாவை வெள்ளைத் துணியால் போர்த்தியிருந்தார்கள். தாடையைச் சுற்றி ஒரு துணி கட்டப்பட்டிருந்தது. அருகே தரையில் தீப்பெட்டிகளை நீளவாக்கில் அடுக்கி ஒரு மேடை கட்டப்பட்டிருந்தது. மருந்துப் புட்டிகளின் மூடிகள் இரண்டு அதன்மேல் இருந்தன. வந்தவர்கள் அதை மிதித்துவிடாமல் சுற்றி நடந்தார்கள். அது என்னவென்று அவர்களில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

ரஹமத் பீவி மகனை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்களில் நீர் இல்லை.

"பிளாட்பாரம் கட்டணும்னு தீப்பெட்டி கேட்டா. குடுத்தேன். உன்னைக் கேக்கலப்பா. வண்டி லேட்டு, வண்டி லேட்டுன்னு மட்டும் சொல்லிக்கிட்டிருந்தா."

கனி அந்த மேடையருகே குந்தினான். எத்தனை மணிக்கு என்று கேட்க வாயெடுத்தான், கேட்கவில்லை.

பள்ளிவாசலிலிருந்து அப்துல் சுபான் என்ற முதியவர், உடலைப் பொதியும் கபன் துணியோடு வந்தார். பிற்பகல் அஸர் தொழுகைக்குப்பின் அடக்கம் என்றார். ஊரில் துணி அறிந்தவன் கனிதான். துண்டுகளை அவனே பிரித்துக் கொடுக்கட்டும் என்றார். தைப்பதற்கு அதில் எதுவும் இல்லை. கனி நாடாவை எடுத்துத் தங்கையின் தலையிலிருந்து பாதம்வரை அளந்தான். விளிம்பில் கத்தரியால் ஒரு வெட்டுப் போட்டு, இரு கைகளாலும் இழுத்துக் கிழித்தான். அந்த ஓசைக்குப் பெண்களின் முணுமுணுப்பு அடங்கியது. துணி போதுமானதாக இருந்தது. கிழித்தது போக, கைக்குட்டை அகலத்தில் ஒரு துண்டு மிஞ்சியது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவன் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

பொம்மை இரயில் வாங்கப் போகும் நீங்கள், விலையைக் கேட்பதற்குமுன் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். மறுத்தால் உரக்கக் கேளுங்கள். கடைத் தரையில் உட்காரக் கூசாதீர்கள். வண்டி ஒரு சுற்று முழுவதும் ஓடட்டும். அத்தனைக்குப் பிறகும் ஒரு குறையோடு அது வீடு வந்து சேருமானால், அதைக் கையில் வைத்திருப்பவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு போகாதீர்கள்.