மருமகன் மாட்டிய ரெகுலேட்டர்

ஆம்புலன்ஸ்காரர்களில் மூத்தவர் எல்ராயின் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் எல்லாம் முடிந்துவிட்டது என்பது டெரிக்கின் மண்டையில் ஏறியது. நிலவறைப் படிக்கட்டுக்குக் கீழே, சிமெண்டுத் தரையில், அவன் மாமனார் மல்லாந்து கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடும் சட்டை. ஷூ மாட்டவில்லை; கம்பளிக் காலுறை மட்டும்.

"நாங்க வர்றதுக்கு முன்னாடியே போயிட்டாரு சார்," என்றார் அந்த மனிதர். "எப்படிச் செத்தாருன்னு விசாரிக்க கவுண்டி ஆபீஸ்லேருந்து ஒரு மேடம் வந்து பாப்பாங்க. அது வரைக்கும் எதையும் தொடாதீங்க."

டெரிக் தலையாட்டினான். அவன் பார்வை எல்ராயைத் தாண்டிப் பின்னாலிருந்த சின்ன அறைக்குள் போயிற்று. ஒரு காலத்தில் நிலக்கரி கொட்டி வைத்த அறை அது. ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் பெட்டிக்குள் இருப்பது போலத்தான். அதற்குள்தான் அந்தப் புது பீர் ஃபிரிட்ஜ் தலையில் ஒற்றைக் குழாயோடு நின்றது. பக்கத்தில் பீரைக் குழாய்க்குத் தள்ளும் கரியமில வாயு சிலிண்டர்; மூடிய அறையில் கசிந்தால் ஆளை மூச்சடைத்துக் கொன்றுவிடும் வாயு. அதன் கழுத்தில் நேற்று டெரிக் தன் கையால் மாட்டிய ரெகுலேட்டர். எதிரே எல்ராயின் நாற்காலி, அதன் காலடியில் ஒரு கிண்ணம்.

காலையில் மாமியார் லவோன், "சர்ச்சுக்கு நேரமாச்சு," என்று கூப்பிட்டுக்கொண்டே இறங்கி வந்தபோது அந்த அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே எல்ராய் நாற்காலியில் தலை சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள்தான் அவரை வெளியே தூக்கிவந்து தரையில் கிடத்தியிருந்தார்கள்.

ஃபிரிட்ஜ், மகளும் மருமகனும் சேர்ந்து வாங்கிக் கொடுத்த பிறந்தநாள் பரிசு. வார்ப்பட ஆலையில் வாழ்நாளெல்லாம் இரும்பு உருக்கிய மனிதர் எல்ராய். டெரிக் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவன், போதாதற்கு விஸ்கான்சின்காரர்களுக்கு ஆகாத பக்கத்து மாநிலமான இல்லினாய்ஸ்காரன். விஸ்கான்சின் வீடொன்றில் பெண்ணெடுத்த இல்லினாய்ஸ்காரனுக்கு என்ன மரியாதை கிடைக்குமோ, அது அவனுக்குக் குறைவில்லாமல் கிடைத்துவந்தது.

"பியானோ வாத்தியார் கையில ஸ்பேனரா?" என்று நேற்றும் எல்ராய் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "குடுப்பா இங்க, நான் மாட்டறேன்."

"பரிசு குடுக்கறது நாங்க. நீங்க சும்மா உக்காருங்க."

சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவே ஒரு வாஷர் வைக்க வேண்டும் என்று டெரிக் படித்திருந்தான். அட்டைப்பெட்டியைத் துழாவிப் பார்த்தான், கிடைக்கவில்லை. மாமனார் பார்த்துக்கொண்டிருக்கிறார். வாஷர் எங்கே என்று கேட்டால் அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் அதையே சொல்லிக் காட்டுவார். வாஷர் இல்லாமலே பலமாக முறுக்கிவிட்டு வால்வைத் திறந்தான். அழுத்தம் காட்டும் முள் விருட்டென்று ஏறி நின்றது. சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்க்கலாம் என்று எழுந்தபோது எல்ராய் கையை வீசினார்.

"அதைக் குளிப்பாட்டறது அப்புறம் இருக்கட்டும். மொதல்ல குழாயைத் தொற, தொண்டை காயுது."

பீர் நுரைத்துக்கொண்டு வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். சோப்புத் தண்ணீர் மறந்துபோயிற்று.

இப்போது அவன் சமையலறைக்கு ஏறி வந்தபோது மனைவி ஹைடி சிங்க் ஓரமாக நின்றிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அம்மா பக்கத்து அறையில் போனில் பேசுவதை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நேத்து அந்த காஸை ஒழுங்கா முறுக்கினியா?"

"முறுக்கினேன்."

அவள் சிங்க்கில் ஏற்கெனவே கழுவி வைத்திருந்த கோப்பையை எடுத்து மறுபடியும் கழுவினாள். அவள் முதுகைப் பார்த்தபடி நின்றான் டெரிக்.

கவுண்டி ஆபீஸ் அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும்; பனிக்கோட்டைக் கழற்றாமலே கீழே இறங்கினாள். எல்ராய்க்கு முன்பே ஒரு தடவை நெஞ்சு வலி வந்து ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்ததை லவோன் படியில் நின்று சொன்னாள். அந்த அம்மாள் கேட்டுக்கொண்டாள், எல்ராயின் முகத்தையும் விரல் நகங்களையும் பார்த்தாள், அவருடைய டாக்டரோடு போனில் பேசினாள்.

"நெஞ்சுதான்னு தோணுது. வேற ஏதாவது எனக்குச் சொல்லணுமா?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். அவள் பையை மூடக்கூடத் தொடங்கிவிட்டாள்.

"மேடம்," என்றான் டெரிக். "அந்த ரூம்ல காஸ் சிலிண்டர் இருக்கு. நேத்து நான்தான் மாட்டினேன். வாஷர் போடல. கசியுதான்னும் பாக்கல. கதவு சாத்தியிருந்துது."

படியில் ஹைடி வந்து நிற்பது அவனுக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த அம்மாள் பையிலிருந்து கையடக்கக் கருவி ஒன்றை எடுத்து, அறைக்குள் நுழைந்து, தரையோரமாகப் பிடித்துப் பார்த்தாள். "இப்ப காத்து நல்லாத்தான் இருக்கு. ஆனா கதவு காலைலேருந்து தொறந்து கெடக்கு. இதை வெச்சு எதையும் சொல்ல முடியாது." பிறகு குனிந்து சிலிண்டரின் வால்வைத் தொட்டாள். "மூடியிருக்கே. யார் மூடினது?"

ஆம்புலன்ஸ்காரர்கள் இருவரும் தாங்கள் இல்லை என்றார்கள். டெரிக் மூடவில்லை.

"அவருதான் மூடினாரு," என்றாள் லவோன் படியிலிருந்து. "நேத்து இவங்க ரெண்டு பேரும் கெளம்பிப் போன உடனே. படுக்கப் போற நேரத்துல எங்க போறீங்கன்னு கேட்டேன். 'அந்தப் பியானோ வாத்தியார் முறுக்கினதை நம்பி எவன் தூங்குவான்?'னு சொல்லிட்டுக் கீழ போனாரு." சட்டென்று அவளுக்கு மருமகன் நிற்பது உறைத்தது. "தப்பா எடுத்துக்காத டெரிக். அவர் பேச்சு அப்படித்தான், உனக்குத் தெரியுமே."

"இல்லம்மா," என்றான் டெரிக். "தப்பா எடுத்துக்கல."

அந்த மனிதர் இத்தனை வருஷமாகச் சொன்ன எந்தக் கேலியும் அவன் காதில் இவ்வளவு இதமாக விழுந்ததில்லை.

"காலைல மறுபடி தொறந்திருந்தா?" என்றாள் அந்த அம்மாள். "நிறுத்துப் பாத்துடலாம். சிலிண்டரோட காலி எடை கழுத்துலயே பொறிச்சிருக்கும்."

லவோன் குளியலறையிலிருந்து எடை பார்க்கும் மெஷினைக் கொண்டுவந்தாள். டெரிக் ரெகுலேட்டரைக் கழற்றிச் சிலிண்டரை அதன்மேல் வைத்தான். அந்த அம்மாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தாள். வாய்க்குள் கணக்குப் போட்டாள்.

"நேத்து ரொப்பினது அப்படியே இருக்கு. இதுக்கும் அவருக்கும் சம்பந்தமில்ல." டெரிக்கின் கையை லேசாகத் தட்டினாள். "நெஞ்சுதான். ஒக்காந்த எடத்துலயே முடிஞ்சிருக்கும்."

அவன் படியில் உட்கார்ந்துவிட்டான்.

மத்தியானத்துக்கு முன்பே சவ அடக்க நிலையத்து ஆட்கள் வந்து எல்ராயைக் கொண்டுபோனார்கள். ஏரிப் பக்கமிருந்து வீசிய காற்றில் அவர்மேல் போர்த்திய துணி எழும்பி எழும்பி அடங்கியது. வண்டி திரும்பி மறைந்ததும் டெரிக் தனியாகக் கீழே போனான். ரெகுலேட்டரை நேற்றைப் போலவே வாஷர் இல்லாமல் மாட்டி, நேற்றைப் போலவே பலங்கொண்ட மட்டும் முறுக்கினான். அறைக் கதவை அகலத் திறந்து வைத்தான்.

நாற்காலியடியில் இருந்த கிண்ணத்தை எடுத்தான். காலையிலிருந்து நாலு பேர் காலில் தட்டாமல் சுற்றிப்போன கிண்ணம். பீர் ஊற்றும் கண்ணாடிக் கோப்பையைக் கழுவத்தான் எல்ராய் அதைக் கொண்டுவந்தார் என்று காலையிலிருந்து எல்லாரும் நினைத்திருந்தார்கள். உள்ளே ஒரு சின்ன பிரஷ் கிடந்தது. பாத்திரம் கழுவும் சோப்பு வாசனை அடித்தது.

பிரஷ்ஷைத் தோய்த்து நட்டைச் சுற்றித் தடவினான். வால்வைத் திறந்தான்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு நட்டின் அடிப்பக்கம் கடுகளவு குமிழி ஒன்று கிளம்பி, ஊதி, உடைந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு நிற்காமல் வந்துகொண்டே இருந்தன.

"கசியுதா?" லவோன் எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கையில் எல்ராயின் ஷூக்கள் இருந்தன.

"கசியுதும்மா."

அவள் அருகில் வந்து குனிந்து குமிழிகளைப் பார்த்தாள். ஷூக்களைக் கீழே வைத்துவிட்டு வால்வைத் தானே திருகி மூடினாள். இறுகிவிட்டதா என்று இன்னொரு தரம் திருகிப் பார்த்தாள்.

"காலைலயே எழுந்து இதைப் பாக்கத்தான் வந்திருக்காரு," என்றாள். "சர்ச்சுக்குப் போயிட்டு வந்து பாத்தா ஆகாதா அந்த மனுஷனுக்கு?" அவள் முகம் கோணியது. சிரிக்கப்போகிறாளா அழப்போகிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் இரண்டையும் செய்தாள். டெரிக் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மேலே பக்கத்து வீட்டுக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வழக்கப்படி பேக்கரியில் வாங்கிய சூடான பன்றித் தொடைக்கறியையும் முறுகல் ரொட்டிகளையும் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஹைடி எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"கசியத்தான் செஞ்சுது," என்றான் டெரிக் அவளிடம். "உங்கப்பா மூடி வெச்சாரு."

அவள் கண்கள் மறுபடி நிறைந்தன. காலால் எதிர் நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள்.

அவன் உட்காரவில்லை. நின்றபடியே ஒரு ரொட்டிக்குள் கறியை வைத்து ஒரு கடி கடித்தான். அப்போதுதான் தெரிந்தது, காலையிலிருந்து தண்ணீர்கூட உள்ளே போகவில்லை. முதல் ரொட்டி எப்படித் தீர்ந்தது என்றே தெரியவில்லை. இரண்டாவதை எடுத்தான். சாவு வீட்டில் இப்படித் தின்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை. கொழுப்பு விரலிடுக்கில் வழிந்தது.

ஹைடி கத்தியை எடுத்து, அடுத்த ரொட்டியைப் பிளந்து, அவன் தட்டில் வைத்தாள்.