தண்ணீர் முறைப் பட்டியல், இரண்டு எழுத்தில்

மார்ச் பிறந்துவிட்டால் எங்கள் பாசன அலுவலகத்தில் என் மேசைத் தொலைபேசி ஓயாது. நமங்கான் நகருக்கு வடக்கே பதினோரு ஊர்களில் யார் வயலுக்கு எந்த நாள், எத்தனை மணிக்கு மடை திறக்கும் என்ற பட்டியல் எங்கள் இணையதளத்தில் வந்துவிடும். இருந்தும் பாதிப் பேர் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள் பள்ளியில் கிரில் என்ற ரஷ்ய எழுத்தில் படித்தவர்கள். தளம் முழுக்க லத்தீன் எழுத்து. மொழி அதே உஸ்பெக்தான், எழுத்துதான் கண்ணில் நிற்காது.

"வாசிச்சுச் சொல்லு மஸ்தூரா" என்பார்கள். நானும் நாளையும் மணியையும் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன்.

அந்த வருடம் முதல் முறைத் தண்ணீர் முடிந்த மறுநாள் இனோபத் ஓப்பா, அதாவது இனோபத் அக்கா, நேரிலேயே வந்தார். புருஷன் இறந்த பிறகு தனியாக வெங்காயம் போடுகிறவர். சண்டைக்கு வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து செல்போனை மேசைமேல் வைத்தார்.

"ஒனக்குப் போன் போட்டேன், கெடைக்கல. சரி, நாமளே படிப்போம்னு பாத்தேன். எல்லாக் கிழமைப் பேரும் ஒரே வாலோட முடியுது. செவ்வாய வியாழன்னு நெனச்சுட்டேன். வியாழக்கெழம மண்வெட்டியோட போனா, வாய்க்கால்ல தவளைகூட இல்ல."

"நாத்து?" என்றேன்.

"கால்வாசி போச்சு."

அடுத்த மேசையில் இருந்த சுல்குமோர் எழுந்து வந்து அந்தச் செல்போனை வாங்கிப் பார்த்தாள். எங்கள் தளத்தைக் கவனிக்கிற ஒரே நிரலாளர் அவள்தான். நாங்கள் பஹ்ரோம் அகா, பஹ்ரோம் அண்ணன், என்று கூப்பிடும் தலைவரின் அறைக்கு நேராகப் போனாள். கையில் இருந்த கோப்போடு நானும் பின்னால் போனேன்.

"நம்ம தளத்த கிரில்லயும் காட்டணும் அகா."

"நாலாயிரம் பக்கம் இருக்கு. யாரு மறுபடி தட்டச்சு பண்றது? நீயா?"

"யாரும் பண்ண வேணாம். தளத்த ஓட்டுற ஃப்ரேம்வொர்க் ஒவ்வொரு பக்கத்தையும் தயார் பண்ணி வெளிய அனுப்புதுல்ல, அனுப்புற அந்த எடத்துல புடிச்சு நிறுத்துவேன். எழுத்த மாத்துவேன். அப்புறம் விடுவேன். உள்ள இருக்கிற எதையும் தொட மாட்டேன்."

"உள்ள தொடாம வெளிய எப்படி மாறும்?"

"அடுப்படியில பிலாவ் சோறு வெச்சுக் குடுக்கிறாங்க. எடுத்துட்டு வர்ற வழியில திராட்சையப் பொறுக்கிட்டுப் பரிமாறினா, சமைச்சவங்களுக்கு என்ன தொந்தரவு?"

"என் வீட்டுல அப்படிப் பண்ணிப் பாரு, தட்டு பறக்கும்" என்றார். பிறகு நாட்காட்டியைப் பார்த்தார். "அடுத்த முறைக்கு ஒம்பது நாள் இருக்கு. அதுக்குள்ள ஆச்சுன்னா சரி. இல்லன்னா இந்தப் பேச்சே வேணாம்."

இரண்டாம் நாளே ஒரு வடிவம் தயாரானது. பக்கத்தின் அடியில் 'கிரில்' என்று ஒரு பொத்தான். நான் அழுத்தினேன். வெறும் வெள்ளை.

"பனி பெஞ்ச மாதிரி இருக்கு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. பக்கத்துக்குள் நாம் படிக்கிற வார்த்தைகளும் உண்டு, உலாவி படிக்கிற கட்டளைகளும் உண்டு. அவள் நிரல் இரண்டையும் சேர்த்து மாற்றிவிட்டது. கட்டளை புரியாமல் உலாவி கையை விரித்துவிட்டது. அன்றிலிருந்து மூன்று நாள், பக்கத்தைப் பிரித்து, மனிதர் கண்ணுக்குப் படுகிற வார்த்தைகளை மட்டும் எடுத்து மாற்றி, மறுபடி அதே இடத்தில் வைக்கும்படி எழுதினாள். மதியச் சாப்பாடு ஒரு சம்சா, அதுவும் விசைப்பலகைக்குப் பக்கத்திலேயே.

அடுத்த தொல்லை பெயர்களில் வந்தது. லத்தீனில் ஸவும் ஹவும் அடுத்தடுத்து வந்தால் ஷ என்று ஒரே எழுத்தாக்க வேண்டும். இஸ்ஹோக் என்ற பெயரில் அவை தனித்தனி. பிரித்துக் காட்ட நடுவில் ஒரு குறி போட வேண்டும். பட்டியல் எழுதினவர்கள் போடவில்லை. முப்பத்தேழு இஸ்ஹோக்குகளும் இஷோக் ஆகிவிட்டார்கள். சுல்குமோர் விதிவிலக்குப் பட்டியல் ஒன்று போட்டாள். நான் ஊர் ஊராகப் பெயர்களை வாசித்துச் சொன்னேன்.

பொத்தான் தளத்தில் ஏறியது. எட்டாம் நாள் காலையில் பஹ்ரோம் அகா முகம் சிவந்து வந்தார். "மாவட்டத்துல இருந்து போன். அவங்க லத்தீன் பக்கத்தத் திறந்தா கிரில் வருதாம். எடுத்துடு. இப்பவே எடு."

அவள் நாற்காலியைத் திருப்பினாள். "வேகத்துக்காக ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நகல் எடுத்து வைக்கிறோம். மாத்தின பக்கம் நகலாயிடுச்சு. அடுத்து வந்தவங்களுக்கும் அதுவே போயிருக்கு. தப்பு என்னோடது."

"அதான் எடுன்னு சொல்றேன்."

"இப்பவே நிறுத்தி வைக்கிறேன். ஆனா அழிக்க மாட்டேன் அகா. நகல் எடுத்ததுக்கு அப்புறம் மாத்தணும், நான் முன்னாடியே மாத்திட்டேன். மத்தியானத்துக்குள்ள எடத்த மாத்திடுறேன். ஆகலன்னா நீங்களே உக்காந்து அழிங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கோப்பைப் பார்த்தேன். பதினொன்றரைக்கு மாவட்டத்தில் லத்தீனும் என் திரையில் கிரில்லும் சரியாக வந்தன.

மறுநாள் பட்டியல் வெளியானது. வழக்கமாக இருநூறு அழைப்பு வரும் நாள். நாற்பதுதான் வந்தன. ஒன்று இனோபத் ஓப்பா.

"நாள் தெரியணுமா ஓப்பா?"

"நாள நானே பாத்துட்டேன். பக்கத்துலயே எவ்வளவு நெலம்னு ஒரு கட்டம் இருக்கே, அதப் பத்திக் கேக்கணும். எனக்கு ரெண்டு எக்டேர். நீங்க ஒண்ணரைன்னு போட்டு அதுக்குத்தான் தண்ணி விடுறீங்க. எத்தன வருஷமா இப்படி?"

பழைய பட்டியல்களைத் தேடினேன். நான்கு வருடங்கள். அந்த நான்கு வருடமும் அவருக்கு நாளையும் மணியையும் வாசித்துச் சொன்னவள் நான். அந்தக் கட்டத்தை ஒரு தடவைகூட வாசித்ததில்லை. அதைச் சொல்லி, அவர் புகாரை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்.

அந்த வாரத்திலேயே அப்படி இன்னும் பதினாறு புகார்கள் வந்தன. பஹ்ரோம் அகா தாள்களைச் சுல்குமோரின் மேசையில் போட்டார். "உன் பொத்தான் பண்ணின வேலையப் பாத்தியா?"

"பொத்தான் ஒண்ணும் பண்ணல அகா. அவங்க படிச்சாங்க."

அவர் தாள்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பிறகு நில அளவைக்காரருக்குத் தானே போன் செய்தார்.

பதினேழில் பன்னிரண்டு திருத்தப்பட்டன. இனோபத் ஓப்பாவுக்கு ஒவ்வொரு முறைக்கும் நாற்பது நிமிடத் தண்ணீர் கூடியது. மிச்ச ஐந்து பேருக்காகச் சுல்குமோரும் நானும் பழைய வரைபடங்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம். இப்போது யார் கூப்பிட்டாலும் நான் முழு வரியையும் வாசிக்கிறேன்.